கெட்டுப்போனால் யார் பார்ப்பது? வீட்டு சர்வரும் கட்டற்ற மென்பொருளும்

கூகுள் போட்டோஸ் 2015இல் வந்தபோது எத்தனை படம் ஏற்றினாலும் காசில்லை என்றார்கள். 2021 ஜூன் 1ஆம் தேதி அந்தச் சலுகை நின்றது. அதற்குள் ஆறு ஆண்டுகளின் கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு, பேத்தி எடுத்துவைத்த முதல் அடி எல்லாம் அங்கே குடியேறிவிட்டிருந்தன. இன்று கோவை சிங்காநல்லூரில் எந்தத் தெருவுக்குள் போனாலும் யாராவது ஒருவர் கைபேசியில் ‘இடம் நிரம்பிவிட்டது’ என்ற அறிவிப்பு நிற்கிறது. இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. ஆண்டுக்குச் சுமார் 1300 ரூபாய் கட்டினால் 100 ஜிபி. கட்டிவிட்டுப் போகலாம், பெரிய தொகை இல்லை. வாடகையை மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் வீட்டில் சர்வர் வைக்க நினைப்பவருக்கு அது கட்டுப்படியாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. குஜராத்தைச் சேர்ந்த ஒரு பொறியாளர் தன் சிறுவயதுப் படங்களை கூகுள் டிரைவில் ஏற்றினார். இரண்டு வயதில் பாட்டி அவரைக் குளிப்பாட்டும் படம் ஒன்று அவற்றில் இருந்தது. கூகுளின் சோதனை அதைக் குழந்தைகளை இழிவுபடுத்தும் ஆபாசப் படமாக எடுத்துக்கொண்டது. 2023இல் அவருடைய கணக்கு மூடப்பட்டது. மின்னஞ்சலும் அதோடு போனது, தொழில் பாதிக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுக்க, 2024 மார்ச்சில் குஜராத் உயர் நீதிமன்றம் கூகுளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பாட்டி காலை நீட்டி உட்கார்ந்து பேரனைக் குப்புறப் போட்டு எண்ணெய் தேய்க்கும் படம் இல்லாத தமிழ் வீடு எத்தனை இருக்கும்?

தனி மனிதருக்கு நேர்ந்ததே பெரிய நிறுவனத்துக்கும் நேர்ந்தது. 2025 ஜூலையில், ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளாதாரத் தடையைக் காரணம் காட்டி, நயாரா எனர்ஜி என்ற இந்திய எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனத்துக்கான சேவைகளை மைக்ரோசாப்ட் நிறுத்தியது. கட்டணம் கட்டிய வாடிக்கையாளர்தான். டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே சேவை திரும்பியது. அந்த நிறுவனத்துக்கு வழக்கறிஞர்கள் இருந்தார்கள். ஒண்டிப்புதூரில் லேத் பட்டறை வைத்திருப்பவரின் மின்னஞ்சல் ஒரு நாள் காலையில் திறக்காமல் போனால் அவர் யாரிடம் போவார்?

நம் நாட்டு நிறுவனத்துக்கு மாறிவிட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. 2025 செப்டம்பரில் ஜோஹோவின் அரட்டை செயலிக்கு மக்கள் கூட்டமாகப் போனதில் அந்த எண்ணம் இருந்தது. தமிழ் மண்ணில் வேலை தரும் நிறுவனம் வளர்வதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனாலும் அங்கே நம் பொருள் இன்னொருவர் வீட்டில்தான் இருக்கிறது. அவர்கள் கதவைச் சாத்தினால் நமக்குச் சாவி கிடையாது. ஆர்குட் 2014 செப்டம்பரில் மூடியபோதும் பிக்காசா 2016இல் நின்றபோதும் அதுதான் நடந்தது.

வீட்டு சர்வர் என்பது இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. எந்நேரமும் ஓடும் ஒரு சிறு கணினியை வீட்டு மூலையில் வைத்து, குடும்பத்தின் படம், ஆவணம், கடவுச்சொல், நாள்காட்டி, பாட்டு எல்லாவற்றையும் அதில் வைத்துக்கொள்வது. கைபேசிகள் வெளியூர்ச் சர்வரோடு பேசுவதற்குப் பதில் அதோடு பேசும். இதற்கான மென்பொருள் முழுவதும் கட்டற்ற மென்பொருளாகவே கிடைக்கிறது: எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். இதையெல்லாம் ஒருமுறை முழுதாகச் சீர்தூக்கிப் பார்த்தபின் நான் வந்து நிற்கும் இடம் இது: மென்பொருள் தயாராகிவிட்டது, பார்த்துக்கொள்ளும் ஆள்தான் இன்னும் தயாராகவில்லை.

சார்ஜர் அளவில் ஒரு சர்வர்

இந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர் நியூயார்க்கில் சட்டம் கற்பிக்கும் எபென் மோக்லன். மென்பொருள் விடுதலைக்கான சட்ட மையத்தை நடத்துபவர். 2010 பிப்ரவரியில் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் அவர் ஆற்றிய உரையில் ஒரு யோசனை சொன்னார். சுவர் பிளக்கில் செருகும் அளவுக்குச் சர்வர்கள் சிறுத்துவிட்டன (ஷீவாபிளக் என்ற அத்தகைய கருவி 2009இலேயே வந்திருந்தது). அதில் கட்டற்ற மென்பொருளை நிரப்பி ஒவ்வொரு வீட்டிலும் வைத்துவிட்டால், மக்களின் வாழ்க்கைக் குறிப்புகள் ஒரே முதலாளியின் கிடங்கில் சேர வேண்டிய தேவையில்லை. அந்த உரையைக் கேட்ட நான்கு மாணவர்கள் டயஸ்போரா என்ற சமூக வலைத்தளத்தைத் தொடங்கினார்கள். மோக்லனின் பக்கமிருந்து வந்தது ஃப்ரீடம்பாக்ஸ். 2011இல் அதற்கென்று அறக்கட்டளை அமைந்தது, பொதுமக்களிடமிருந்து 80,000 டாலருக்கு மேல் திரண்டது.

அடுத்த ஆண்டே பெட்டி கடைக்கு வந்துவிடும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. மென்பொருளை டெபியன் லினக்ஸின் ஓர் அங்கமாகவே கட்டுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். தனிப் பெட்டியாகச் செய்து விற்பதைவிட அது பல மடங்கு மெதுவான வழி. ஆனால் அந்த முடிவால்தான் திட்டம் பிழைத்தது என்பேன். 1993 முதல் தன்னார்வலர்கள் பேணிவரும் டெபியன் இருக்கும்வரை ஃப்ரீடம்பாக்ஸுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாகவே வந்துகொண்டிருக்கும். அதே காலத்தில் ஆரவாரத்தோடு வந்த எத்தனையோ பெட்டிகள் நிறுவனம் மூடியதும் வெறும் பிளாஸ்டிக்காகிப் போயின. 2019இல் பல்கேரியாவின் ஒலிமெக்ஸ் நிறுவனம் ஃப்ரீடம்பாக்ஸ் நிரப்பிய பலகையை விற்கத் தொடங்கியது. விருப்பமுள்ளவர்கள் எந்தப் பழைய கணினியிலும் அதை நிறுவிக்கொள்ளலாம்.

இதில் நமக்குப் பக்கத்துச் செய்தி ஒன்று உண்டு. அந்தத் திட்டத்தை நெடுங்காலம் தோளில் சுமந்தவர்களில் சுனில் மோகன் அடபா போன்ற இந்தியர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். ஐதராபாத்தை மையமாகக் கொண்ட ஸ்வேச்சா அமைப்பின் தன்னார்வலர்கள் கிராமங்களுக்கு ஃப்ரீடம்பாக்ஸைக் கொண்டுபோய், ஊர் பகிர்ந்துகொள்ளும் இணைய வாசலாக நிறுவினார்கள். நியூயார்க் பேராசிரியர் வீட்டுக்கு ஒன்று என்று நினைத்ததை இங்கே ஊருக்கு ஒன்று என்று மாற்றினார்கள். இந்த மாற்றத்தில் ஓர் அறிவு இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

என்னென்ன கிடைக்கிறது

படங்களுக்கு இம்மிச். 2022இல் அலெக்ஸ் டிரான் என்பவர் தன் வீட்டில் குழந்தை பிறந்த புதிதில், பிள்ளையின் படங்களை வைக்க வாடகை கட்டுவானேன் என்று எழுதத் தொடங்கியது. கைபேசியில் எடுக்கும் படம் தானாகப் போய்ச் சேரும், முகம் பார்த்துப் பிரிக்கும், வரைபடத்தில் காட்டும். கூகுள் போட்டோஸ் பழகியவருக்கு வேறுபாடே தெரியாத அளவுக்கு முதிர்ந்துவிட்டது. நீண்ட காலம் ‘இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்’ என்று எச்சரித்துக்கொண்டே இருந்தவர்கள், 2025 அக்டோபரில்தான் நிலையான பதிப்பு என்று அறிவித்தார்கள். அந்த நேர்மைக்காகவே அவர்களை நம்பலாம். ஒரு குறை, இயந்திரத்திடம் நிறையக் கேட்கும். 6 ஜிபி நினைவகமாவது வேண்டும்.

கோப்பு, நாள்காட்டி, தொடர்பு எண்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து நெக்ஸ்ட்கிளவுட். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு பல்லாயிரம் ஊழியர்களை அதற்கு மாற்றி வருகிறது. வீட்டுக்கு அது கொஞ்சம் கனமான பொருள். இரண்டு கருவிகளில் ஒரே கோப்புறை ஒன்றுபோல் இருந்தால் போதும் என்பவருக்கு 2013இல் பிறந்த சின்க்திங் போதும். நடுவில் சர்வரே இல்லாமல் கைபேசியும் கணினியும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். படம் பார்க்க, பாட்டுக் கேட்க ஜெல்லிஃபின். விளம்பரங்களை வீட்டு வாசலிலேயே தடுக்கப் பை-ஹோல். இவற்றுக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை, நிறுவியதும் புரிந்துவிடும்.

நம் ஊர் வீடுகளுக்கு மிகவும் பொருந்துவது, அதே சமயம் அதிகம் பேசப்படாதது, பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ். காகிதத்தை ஸ்கேன் செய்து போட்டால் எழுத்தைப் படித்து, தேடும்படி அடுக்கிவைக்கும். படிக்கும் வேலையைச் செய்வது டெஸராக்ட். ஹியூலெட்-பேக்கார்டு ஆய்வகத்தில் பிறந்து 2005இல் கட்டற்றதாக்கப்பட்ட அந்தக் கருவிக்குத் தமிழும் தெரியும். கிரயப் பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, ஈஎஸ்ஐ சீட்டு என்று கொங்குக் குடும்பம் ஒன்று காக்கும் காகிதம் கொஞ்சமல்ல. அச்சடித்த தமிழை ஓரளவு நன்றாகப் படிக்கிறது. பத்திர எழுத்தரின் பழைய கையெழுத்தைப் படிக்காது. அவற்றுக்கு நாமே ‘இருகூர் காடு, தாத்தா பாகம்’ என்று தலைப்பிட்டு வைக்க வேண்டும்.

இவற்றைத் தனித்தனியாக நிறுவத் தெரியாதவருக்கு ஃப்ரீடம்பாக்ஸும், பிரான்சில் பிறந்த யூனோஹோஸ்டும் உண்டு. பார்க்க இவற்றைவிட அழகான அம்ப்ரெல் போன்ற சில உண்டு. அம்ப்ரெலின் மூலநிரல் திறந்திருந்தாலும் வணிகப் பயன்பாட்டுக்கு அதன் உரிமம் தடை போடுகிறது. வீட்டுக்குள் வைத்துக்கொள்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. நாளை ஒருவர் அதைப் பிறருக்கு நிறுவித் தந்து கூலி வாங்க நினைத்தால் அங்கே முட்டும். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். என் கணிப்பில் மொத்த விஷயமும் அதில்தான் நிற்கிறது.

உரிமம் ஏன் முக்கியம் என்பதற்கு இந்தத் துறையின் வரலாறே சான்று. எம்பி என்ற ஊடக சர்வர் 2018இல் மூலநிரலை மூடியது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே, மூடுவதற்கு முன்பிருந்த நிரலை எடுத்துக்கொண்டு சிலர் ஜெல்லிஃபினைத் தொடங்கினார்கள். ஓன்கிளவுட் என்ற கோப்புச் சர்வரைத் தொடங்கிய ஃபிராங்க் கார்லிச்செக் அந்த நிறுவனத்திலிருந்து பிரிந்து 2016இல் நெக்ஸ்ட்கிளவுடைத் தொடங்கியபோதும் அப்படித்தான். நிரல் கட்டற்றது என்பதால் அவர் வெறுங்கையோடு வெளியேற வேண்டியிருக்கவில்லை. மூடிய நிரலான பிளெக்ஸ் என்ற ஊடக சர்வரோ 2025 ஏப்ரலில், வெளியிலிருந்து வீட்டுப் படத்தைப் பார்ப்பதைக் கட்டணச் சேவையாக்கியது. சொந்த இயந்திரத்தில் வைத்திருந்தவர்களும் கட்ட வேண்டியதாயிற்று. இயந்திரம் நம்முடையதாக இருந்தாலும் அதில் ஓடும் நிரல் பிறருடையதானால் பாதி வீடுதான் நம்முடையது.

பரணில் கிடக்கும் லேப்டாப்

இயந்திரத்துக்கு அலைய வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 முதல் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. தொடக்க காலத்தில் வந்தவற்றில் விண்டோஸோடு, சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. படித்த பிள்ளை வேலைக்குப் போனபின் அந்த லேப்டாப்கள் பரணிலும் அலமாரியிலும் கிடக்கின்றன. விண்டோஸ் அதில் திணறும். திரை இல்லாமல் ஓடும் டெபியனுக்கு அது தாராளம். சின்க்திங், பை-ஹோல், நாள்காட்டிச் சர்வர் மூன்றும் சிரமமில்லாமல் ஓடும். இம்மிச் ஓடாது. பழைய வன்தட்டு எந்த நாளும் கையைவிரிக்கும் என்பதால் புது எஸ்எஸ்டி ஒன்று போட்டுக்கொள்வது நல்லது. பேட்டரி நன்றாக இருந்தால் அதுவே யுபிஎஸ். உப்பியிருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும், இதில் சமாதானம் கூடாது.

மின்சாரக் கணக்கையும் பார்த்துவிடுவோம். நமக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறார்கள். 10 வாட் இழுக்கும் ராஸ்பெரி பை போன்ற சிறு பலகை இரவு பகலாக 60 நாள் ஓடினால் 14.4 யூனிட். 15 வாட் லேப்டாப் 21.6 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் என்றால் 86.4 யூனிட், அதாவது அரசு தரும் 100 யூனிட் இலவசத்தில் பெரும்பகுதி. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் வீட்டில் இந்த வேறுபாடு கரண்ட் பில்லில் அடிக்கும். ஆகவே பெரிய கேபினட்டை ஆசைக்காக ஓடவிடாதீர்கள். மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. ரவுட்டரையும் சர்வரையும் அந்த லைனில் போட்டுவிட்டால் போதும். கோடை மழையின் இடிக்கு மட்டும் சர்ஜ் தாங்கும் பிளக் வேண்டும்.

வாசல் இல்லாத வீடு

நம் ஊரில் வீட்டு சர்வர் முதலில் மூச்சுத் திணறும் இடம் இணைய இணைப்பு. அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ எழுதப்பட்ட வழிகாட்டியைப் பார்த்து எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு, வெளியே போய்க் கைபேசியில் திறந்தால் ஒன்றும் வராது. தவறு உங்களுடையதல்ல. உலகத்தில் பழைய வகை ஐபி முகவரிகள் தீர்ந்துவிட்டன. ஆசிய பசிபிக் பகுதிக்கான இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதற்குப்பின் கோடிக்கணக்கானோரை இணைத்த நம் நிறுவனங்கள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வீடுகளை நிறுத்துகின்றன. சிஜிநாட் என்பது இதன் பெயர். ரவுட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் நீங்கள் அந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலிருந்து வெளியே போக வழி உண்டு. வெளியிலிருந்து உங்கள் வீட்டைத் தேடி வர வாசல் கிடையாது.

இதற்கு நான்கு வழிகள். நிறுவனத்திடம் கேட்டு, தனியாகப் பணம் கட்டி நிலையான முகவரி வாங்கலாம். புதிய வகையான ஐபிவி6 மூலம் வரலாம். அதை ஏற்றுக்கொண்டதில் இந்தியா உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று, ஆனால் பல வீட்டு ரவுட்டர்கள் வெளியிலிருந்து வருவதை மறித்தே வைத்திருக்கும். வெளியே ஒரு சிறு வாடகைச் சர்வர் எடுத்து, அங்கிருந்து வீட்டுக்கு வயர்கார்டு என்ற மென்பொருளால் சுரங்கம் போடலாம். அல்லது டெயில்ஸ்கேல் போன்ற சேவையால் வீட்டையும் கைபேசியையும் ஒரே வலைக்குள் கொண்டுவரலாம். டெயில்ஸ்கேலின் ஒருங்கிணைப்புப் பகுதி மூடிய நிரல். அது பிடிக்காதவருக்கு ஹெட்ஸ்கேல் என்ற கட்டற்ற மாற்று உண்டு.

ஐந்தாவது வழி ஒன்றும் உண்டு, அதுதான் எனக்குப் பிடித்தது. வாசலே வைக்காமல் விட்டுவிடலாம். பகல் முழுதும் எடுத்த படங்கள் மாலையில் வீட்டு வைஃபையைத் தொட்டதும் தாமாகப் போய்ச் சேரட்டும். பத்திரத்தைப் பார்க்க வேண்டுமானால் வீட்டில் உட்கார்ந்துதான் பார்க்கப்போகிறோம். டைடல் பார்க்கில் வேலை பார்க்கும்போது போன வருடத்துக் கல்யாண வீடியோ வேண்டியிருப்பது எத்தனை முறை? இணையமே துண்டிக்கப்பட்ட நாளிலும் இந்த வீட்டுக்குள் எல்லாம் கிடைக்கும். 2018 மே மாதம், தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, நெல்லை, கன்னியாகுமரி மாவட்டங்களில் அரசு இணையத்தை நிறுத்தியது. அப்படிப்பட்ட நாட்கள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல.

வாசல் திறந்து வைப்பதில் ஆபத்தும் இருக்கிறது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தாக்குதல், இணையத்துக்கு நேரடியாகத் திறந்திருந்த கியூநேப் சேமிப்புப் பெட்டிகளைத் தேடிப் பிடித்துப் பூட்டியது. உலகம் முழுக்க வீட்டுப் படங்களும் கடைக் கணக்குகளும் மாட்டின. பெரிய நிறுவனத்தின் சர்வரை இரவும் பகலும் கண்காணிக்கத் தனிப் படையே இருக்கிறது. நம் வீட்டில் அது இல்லை. இந்த உண்மையை மறைத்துவிட்டு வீட்டு சர்வரைப் பரிந்துரைப்பது நாணயமான செயலாகாது.

மின்னஞ்சல் சர்வரை வீட்டில் வைக்க முயலாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீட்டு இணைப்பிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் குப்பையில் தள்ளும், அல்லது வாங்கவே மாட்டா. சொந்தப் பெயரில் டொமைன் வாங்கி, நம்பகமான ஒருவரிடம் அஞ்சலை ஒப்படைத்துக்கொள்ளலாம். நாளை அவரைப் பிடிக்காவிட்டால் முகவரி மாறாமல் இடம் மாறலாம்.

நகல் எங்கே?

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியூரில் என்பது காப்பு நகலுக்கு உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு. திருப்பூரில் அக்கா வீடு இருக்கிறதல்லவா? அங்கேயும் ஒரு பழைய லேப்டாப்பை வைத்து, போர்க் அல்லது ரெஸ்டிக் என்ற நகல் கருவி மூலம் இரவோடிரவாக நகல் அனுப்பலாம். இரண்டுமே மறைகுறியாக்கி அனுப்புபவை என்பதால் அக்கா வீட்டில் யாரும் அதைத் திறந்து பார்க்க முடியாது. அவர்கள் நகல் இங்கே வரும். நகல் எடுப்பவர்களில் பலர் அதைத் திரும்ப எடுத்துப் பார்ப்பதே இல்லை. திரும்ப எடுத்துப் பார்க்காத நகலை நான் நகல் என்று எண்ணுவதில்லை.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24இல் தீர்ப்பளித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்குக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. குடும்பப் படங்களை வைத்திருப்பவருக்கு அந்தச் சட்டத்தின் கடமைகள் இல்லை. பட்டறைக்காரர் வாடிக்கையாளர் விவரங்களை அதே பெட்டியில் வைத்தால் கதை மாறும். சிங்காநல்லூர்ப் பக்கம் வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை இருப்பதால் இரண்டையும் வேறு வேறு இயந்திரத்தில் வைப்பதே சரி. ஜாப் ஆர்டருக்கு வந்த டிராயிங் இன்னொருவர் சொத்து.

பார்த்துக்கொள்ளும் ஆள்

வீட்டு சர்வரைப் பற்றி யாரிடம் பேசினாலும், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி வரும்: “எல்லாஞ் சரிங்க, கெட்டுப்போச்சுன்னா யாருங்க பாப்பாங்க?” அறியாமையில் கேட்பதாக இதைத் தள்ளிவிடுவது தொழில்நுட்பம் தெரிந்தவர்களின் வழக்கம். நான் இதைத்தான் இத்துறையின் மையக் கேள்வி என்று நினைக்கிறேன். சர்வர் வைத்த மகன் பெங்களூருக்கு மாற்றலாகிறான்; ஒரு நாள் புதுப்பிப்பு பாதியில் நிற்கிறது; அம்மாவின் படம் ஏறவில்லை. மறுநாளே வீடு முழுக்கக் கூகுளுக்குத் திரும்பிவிடும். திரும்புவது நியாயம்தான்.

மென்பொருளை எழுதுகிற பக்கத்திலும் இதே பிரச்சினை இருக்கிறது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறு கருவிக்குள் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்தது வெளிப்பட்டது. ஆண்டுக்கணக்காகத் தனியாளாக அதைப் பேணிவந்தவர் களைத்துப்போயிருந்தார், உதவிக்கு வந்தவன் போலக் கள்வன் உள்ளே நுழைந்தான். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவழி உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால் பிடிபட்டது. டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வரவில்லை. நிரல் திறந்திருந்ததால் பிடிக்க முடிந்தது. பேணுபவருக்குத் துணை இல்லாததால் அது நுழைய முடிந்தது.

பேணும் ஆளை உருவாக்குவது கோவைக்குத் தெரியாத வேலை அல்ல. பைக்காரா மின்சாரம் 1930களில் வந்தபின் மில்கள் பெருகின. மில்லிலும் பம்புசெட் கம்பெனியிலும் வேலை கற்றவர்கள் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார்கள். மோட்டார் காயில் எரிந்தால் கம்பெனிக்கு அனுப்பும் விவசாயி யாரும் கொங்கு நாட்டில் இல்லை. பக்கத்து ஊரில் காயில் கட்டுபவர் இருக்கிறார். மோட்டாரைப் பிரிக்க முடிந்ததும், பிரித்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்பதும், செம்புக் கம்பி கடையில் கிடைத்ததும்தான் அந்தத் தொழிலைப் பிறப்பித்தன. கட்டற்ற மென்பொருளில் இந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன. மூடிய பெட்டியில் முதல் இரண்டும் இல்லை. ஜி.டி. நாயுடு 1945இல் தொடங்கக் காரணமாயிருந்த ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரி தடாகம் சாலைக்கு மாறி அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகிவிட்டது. சிங்காநல்லூருக்குப் பக்கத்தில் பேருந்து நிறுத்தத்தில் மட்டும் ‘ஹோப் காலேஜ்’ என்ற பெயர் தங்கிவிட்டது. நீண்ட பட்டப்படிப்பைவிடக் குறுகிய காலக் கைப்பயிற்சியை நம்பியவர் நாயுடு. சர்வர் பேணும் தொழிலுக்குத் தேவையானதும் அந்தப் பயிற்சிதான்.

தமிழில் அதற்கான பாடநூல்கள் உண்டு. கணியம் மின்னிதழ் 2012 ஜனவரியிலிருந்து கட்டற்ற மென்பொருளைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறது. ‘எளிய தமிழில்’ என்ற வரிசையில் லினக்ஸ் உட்படப் பல நூல்களைக் காசில்லாமல் தருகிறது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கூடிவருகிறது. 2008இல் தொடங்கிய தமிழ்நாடு கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, விழுப்புரம் லினக்ஸ் குழு போன்றவை மாணவர்களைப் பயிற்றுவிக்கின்றன. இந்தப் பயிற்சி பெற்றவர்கள் பெரும்பாலும் மென்பொருள் நிறுவனங்களுக்குப் போய்விடுகிறார்கள். தெருவில் கடை போட்டவர் எவரையும் நான் பார்க்கவில்லை. கேமரா மாட்டுபவர், கேபிள் இணையம் தருபவர், தண்ணீர் சுத்திகரிப்பான் பார்ப்பவர் எல்லோருக்கும் ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டு. வீட்டு சர்வருக்கும் இருந்தால் என்ன?

இங்கேதான் ஊருக்கு ஒன்று என்ற ஐதராபாத் நண்பர்களின் யோசனை உதவுகிறது. வீட்டுக்கு ஒரு நிபுணர் என்பது நடக்காது. இருபது முப்பது குடும்பத்துக்கு ஒருவர் என்பது நடக்கும். கேட்ட உடனே எழும் அச்சம் நியாயமானது: கூகுள் பார்ப்பதற்குப் பதில் பக்கத்துத் தெருப் பையன் பார்ப்பானே! தெரிந்தவர் கண்ணில் படுவது தெரியாத நிறுவனத்தின் கண்ணில் படுவதைவிடச் சங்கடம், குறிப்பாகப் பெண்களுக்கு. இம்மிச்சிலும் நெக்ஸ்ட்கிளவுடிலும் சர்வரைப் பேணுபவர் நினைத்தால் படங்களைப் பார்க்கலாம் என்பது உண்மை. அதனால் பலர் பகிரும் சர்வருக்கு நான் என்டேயைச் சொல்வேன். இந்தியர்கள் தொடங்கிய இந்தப் படச் சேவையில், படம் கைபேசியிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே போகும். முகம் பிரிப்பதும் கைபேசியிலேயே நடக்கும். 2024 மார்ச்சில் அதன் சர்வர் நிரலையும் கட்டற்றதாக வெளியிட்டார்கள். கடவுச்சொற்களுக்கு வால்ட்வார்டனும் அதே முறை. பேணுபவரிடம் இருப்பது பூட்டிய பெட்டி மட்டும். இதன் மறுபக்கத்தையும் சொல்லியே தர வேண்டும்: கடவுச்சொல்லும் மீட்புச் சொற்களும் இரண்டுமே தொலைந்தால் பேணுபவராலும் திறக்க முடியாது. அந்தச் சொற்களைக் காகிதத்தில் எழுதி, வீட்டில் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரியும் இடத்தில் வைக்க வேண்டும். ஒருவர் இறந்தபின் குடும்பம் படங்களைத் திறப்பது அந்தக் காகிதத்தால்தான்.

அப்படி ஓர் ஏஎம்சி எழுதுவதானால் அதில் நான்கு விஷயங்கள் கறாராக இருக்க வேண்டும் என்பேன். சாவிகள் குடும்பத்திடமே இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடும்பத்தார் முன்னிலையில் நகலிலிருந்து ஒரு படத்தைத் திரும்ப எடுத்துக் காட்ட வேண்டும். போட்டுத் தருவது முழுக்கக் கட்டற்ற மென்பொருளாக இருக்க வேண்டும், இவர் தொழிலை விட்டால் இன்னொருவர் எடுத்துப் பார்க்கும்படி. என்ன நிறுவியிருக்கிறது, எங்கே இருக்கிறது என்பதைத் தமிழில் இரண்டு பக்கத்துக்கு எழுதி வீட்டில் கொடுத்துவிட வேண்டும். பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு படிக்கும் மாணவர் ஒருவர் இந்த இரண்டு பக்கத்தைத் தன் வீட்டுக்கே முதலில் எழுதிப் பார்க்கலாம். தொழிலுக்கான முதல் பாடமும் முதல் வாடிக்கையாளரும் அங்கேயே கிடைத்துவிடுவார்கள்.